ரத்தம் போகாத இடம்

கணுக்காலுக்குள் தாலஸ் என்று ஓர் எலும்பு இருக்கிறது. எந்தத் தசையும் வந்து பற்றாத எலும்பு அது. மேலேயிருந்து கீழ்க்கால் எலும்புகள் இரண்டும் அதை மூன்று பக்கமும் கவ்விக்கொள்கின்றன. கீழே குதிகால் எலும்பு தாங்குகிறது. சுற்றியிருப்பவை அசையும்போது நடுவில் அதுவும் அசைகிறது. நாம் நிற்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் இரண்டு கால்களிலும் உள்ள இந்தச் சிறு எலும்புகளின் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது. நடக்கும்போது கெண்டைத்தசையின் இழுப்பும் சேர்ந்துகொள்வதால், மூட்டின்மேல் விழும் விசை உடல் எடையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆகிவிடுகிறது.

அந்த எலும்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தைக் குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. வெண்மையாக, ஈரமாக, வழவழவென்று இருக்கும் அந்தப் படலத்தின் தடிமன் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர்தான். முழங்கால் சில்லின் பின்புறத்தில் இதே பொருள் ஐந்து மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். கணுக்காலில் தடிமனுக்குப் பதிலாக இருப்பது பொருத்தம். எலும்பும் எலும்பும் அவ்வளவு கச்சிதமாக ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் 1976-இல் இறந்தவர்களின் கால்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். தாலஸ் வெளிப்பக்கமாக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், மூட்டில் எலும்புகள் தொட்டுக்கொள்ளும் பரப்பு 42 சதவீதம் குறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். பாரம் அப்படியே இருக்கிறது, தாங்கும் இடம் பாதியை நெருங்கச் சுருங்கிவிடுகிறது.

நம் ஊரில் கணுக்கால் மடங்கினால் அது சுளுக்கு. எண்ணெய் தடவி நீவி விடுவோம். புத்தூர்க் கட்டுப் போடுவோம். அல்லது எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு முறியல" என்று காதில் விழுந்ததும் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வரும். வீக்கம் வற்றும். பெரும்பாலானவர்களுக்கு அத்தோடு சரியாகியும் விடும். சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் உள்ளே ஏதோ ஒன்று மிச்சம் இருக்கும். தொட்டுக் காட்டச் சொன்னால் தெரியாது. படி இறங்கும்போது ஆழத்தில் வலிக்கும், சில நேரம் மூட்டு சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

என் அக்கா மகனுக்கு அப்படித்தான் ஆனது. கல்லூரியில் வாலிபால் ஆடுகிறவன். எம்பி அடித்துவிட்டு இறங்கும்போது இன்னொருவன் பாதத்தின்மேல் கால் விழுந்து மடங்கியது. வெகுநாள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில்தான் விஷயம் தெரிந்தது. தாலஸின் மேற்புறத்தில், உள்விளிம்பை ஒட்டி, குருத்தெலும்பு ஒரு சிறு வட்டத்துக்குச் சிதைந்திருந்தது. அதற்கு அடியில் எலும்பில் நீர் கோத்திருந்தது.

"ஆபரேஷன் பண்ணினா பழையபடி ஆயிடுமா டாக்டர்?" என்று கேட்டாள் அக்கா.

"பழையபடி ஆகாதும்மா. வலி குறையும். நடப்பான், ஓடுவான். ஆனா அந்த இடத்துல வளர்றது பழைய ஜவ்வு இல்ல, வேற ஒண்ணு."

அக்கா விடவில்லை. "எலும்பு முறிஞ்சாக்கூட கூடிக்குதே. தோல் கிழிஞ்சா ஆறிடுது. இது மட்டும் ஏன் டாக்டர்?"

"அங்கே ரத்தம் போறதில்லம்மா."

சுருக்கமான பதில். சரியான பதில். ஆனால் ஒரு தாய்க்கு அது போதாது, எனக்கும் போதவில்லை. இவ்வளவு பாரம் சுமக்கிற இடத்துக்கு உடம்பு ஏன் ரத்தம் அனுப்பாமல் விட்டது? அக்காவின் குரலில் இருந்தது ஒரு முறையீடு. அவளுக்குப் பதில் சொல்லத்தான் இதையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

வில்லியம் ஹண்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1743-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் மூட்டுக் குருத்தெலும்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான். குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் திரும்ப உண்டாவதில்லை என்பதை, ஹிப்பாக்ரட்டீஸ் காலம் முதல் எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தியாகவே அதில் குறிப்பிடுகிறார். மயக்க மருந்தும் நுண்ணுயிர்க் கொள்கையும் இல்லாத காலத்து வாக்கியம் அது. மருத்துவம் அதன்பின் எத்தனையோ கோட்பாடுகளைத் தூக்கி எறிந்துவிட்டது. இந்த ஒன்றை இன்றுவரை முழுமையாக மறுக்க முடியவில்லை.

குருத்தெலும்பின் எடையில் முக்கால் பங்கு நீர். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற நார்ப் புரதமும், நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பெரிய மூலக்கூறுகளும். உயிருள்ள செல்கள் மிகக் கொஞ்சம். ஒவ்வொன்றும் தன் சிறு அறைக்குள் தனியே இருக்கிறது. பக்கத்துச் செல்லைத் தொடுவதுகூட இல்லை. ரத்தக்குழாய் கிடையாது, நரம்பு கிடையாது, நிணநீர் நாளமும் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்து கசிந்து வருவதுதான் சாப்பாடு. பாரம் விழும்போது நீர் வெளியே பிழியப்படுகிறது, பாரம் விலகும்போது உள்ளே இழுக்கப்படுகிறது. நடந்தால்தான் அதற்குச் சாப்பாடு.

இன்னொரு செய்தி என்னை அதிகம் உலுக்கியது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் வெடித்துச் சோதித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 ஏறியது. 1963-இல் அந்தச் சோதனைகளைத் தடைசெய்த ஒப்பந்தம் வந்தபின் அந்த அளவு மெல்ல இறங்கியது. அந்தக் காலத்தில் உடம்பு எந்தத் திசுவைக் கட்டியதோ, அதற்குள் அந்த ஆண்டின் கார்பன் அளவு பதிந்துபோயிற்று. டென்மார்க் ஆய்வாளர்கள் இதைக் கொண்டு முழங்கால் குருத்தெலும்புக் கொலாஜனின் வயதைக் கணக்கிட்டு 2016-இல் வெளியிட்டார்கள். வளர்ச்சி முடிந்தபின் அது ஏறத்தாழப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. அறுபது வயதுக்காரரின் மூட்டில் இருக்கும் கொலாஜன், அவர் பள்ளிக்கூடம் போன நாட்களில் நெய்யப்பட்டது. தோல் மாறுகிறது, ரத்தம் மாறுகிறது, எலும்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மறுபடி கட்டப்படுகிறது. நம்மை ஆயுள் முழுக்கத் தாங்கும் இந்த வலை மட்டும், மீசை அரும்பும் வயதில் போட்ட முடிச்சுகளோடு அப்படியே இருக்கிறது.

வளரும் குழந்தையின் எலும்பு முனைக் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய்கள் ஓடத்தான் செய்கின்றன. வளர வளர அவை மறைந்துவிடுகின்றன. ஆகவே உடம்பு அந்த இடத்தை மறந்துவிடவில்லை. ரத்தத்தை அங்கிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

காரணத்தை அந்த மூட்டின் வேலையிலேயே பார்க்கலாம். உடல் எடையைப் போல் ஐந்து மடங்கு விசை, ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை, இரண்டு மில்லிமீட்டர் கூட இல்லாத படலத்தின்மேல் விழுகிறது. அதற்குள் மென்மையான ரத்தக்குழாய் இருந்தால் ஒவ்வோர் அடியிலும் நசுங்கும். நரம்பு இருந்தால் ஒவ்வோர் அடியிலும் கத்தும். செல்கள் நெருக்கமாக இருந்திருந்தால் அவற்றுக்கு வேண்டிய பிராணவாயுவைக் கொண்டுவர ஆளில்லை. எனவே மனிதனின் மற்ற திசுக்களுக்கு உயிர் என்று எதைச் சொல்வோமோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனதில் கிடைத்தது இந்த வழவழப்பு. பனிக்கட்டி பனிக்கட்டிமேல் வழுக்குவதைவிடவும் குறைவான உராய்வோடு நம் மூட்டுகள் அசைகின்றன.

இந்த மூட்டுக்குள் பார்ப்பதே நெடுங்காலம் முடியாத காரியமாக இருந்தது. 1918-இல் டோக்கியோவில் கென்ஜி டகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். 1931-இல் நியூயார்க்கின் மைக்கேல் பர்மன் பல மூட்டுகளை ஆராய்ந்துவிட்டு, கணுக்கால் மிகவும் நெருக்கமானது, அது இதற்கு ஒத்துவராது என்று எழுதிவிட்டார். கருவி மெலிந்தபின் நிலைமை மாறியது. டகாகியின் வழிவந்த மசாக்கி வாட்டனபே 1972-இல் கணுக்காலுக்குள் எந்த வழியாக நுழைவது என்று விவரித்தார். இன்று பாதத்தைப் பட்டையால் கீழே இழுத்துப் பிடித்து மூட்டைச் சற்று விலக்கி, முன்புறம் அரை சென்டிமீட்டர் அளவில் இரண்டு துளைகள் போட்டு, உப்புநீர் ஓடவிட்டு, மூன்று மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாய்க் கேமராவில் பார்க்கிறார்கள்.

பார்த்தபின் செய்வது என்ன என்று தெரிந்துகொண்டபோது நான் சற்று நேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன். முதலில் சிதைந்து தொங்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள், ஓரம் உறுதியாக நிற்கும்வரை. பிறகு கூரிய ஊசியால் அடியிலிருக்கும் எலும்பில் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் துளைகள் போடுகிறார்கள். அதன்பின் தண்ணீரை நிறுத்துகிறார்கள். துளைகளிலிருந்து ரத்தமும் மஜ்ஜையின் கொழுப்புத் துளிகளும் எழுந்து வருகின்றனவா என்று பார்க்கிறார்கள். வந்தால் போதிய ஆழம். வற்றிய கிணற்றின் பாறையில் ஊற்றுக்கண் திறந்துவிடுவது போன்ற வேலை. எலும்பில் துளையிடுவதை 1959-இல் பிரிஸ்டலின் கென்னத் பிரிடி எழுதினார். இன்றைய ஊசிமுறையை 1980-களில் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டெட்மன் வளர்த்தார்.

அதாவது இந்த அறுவைசிகிச்சை ஒரு காயத்தை உண்டாக்குகிறது. உடம்புக்கு ஆறத் தெரியும். ஆனால் அது ரத்தம் சிந்தும் இடத்தில்தான் வேலையைத் தொடங்கும். குருத்தெலும்பில் ரத்தம் சிந்தாது என்பதால், சிந்தக்கூடிய எலும்பைக் குத்தி ரத்தத்தை வரவழைக்கிறார்கள். அந்த ரத்தம் உறைகிறது. மஜ்ஜையோடு வந்த செல்கள் அதில் தங்கி, மாதக்கணக்கில் ஒரு நார்க்குருத்தெலும்பை உண்டாக்குகின்றன. அதன் கொலாஜன் வேறு வகை. தழும்பில் இருக்கும் வகை. வழவழப்பும் தாங்கும் திறமும் பழையதைவிடக் குறைவு. சிறிய சிதைவுகளில் இது நன்றாகவே வேலை செய்கிறது, பெரும்பாலோருக்கு வலி குறைகிறது. ஒன்றரை சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல் போனால் நிலைப்பது கடினம்.

மற்ற வழிகளும் உண்டு. உடைந்த துண்டு எலும்போடு சேர்ந்து பெயர்ந்து, நல்ல நிலையில் இருந்தால், சிறு திருகால் அதே இடத்தில் பொருத்திவிடலாம். சொந்தக் குருத்தெலும்பு தப்பிக்கும் வழி அது. புடாபெஸ்டின் லாஸ்லோ ஹாங்கோடி வளர்த்த முறையில், முழங்காலில் பாரம் படாத ஓரத்திலிருந்து குருத்தெலும்பும் எலும்பும் சேர்ந்த சிறு உருளைகளைத் தோண்டி எடுத்துக் கணுக்காலில் பதிக்கிறார்கள். சிலருக்குப் பிறகு கொடுத்த முழங்கால் வலிக்கிறது. ஸ்வீடனின் யோத்தபோரியில் பிரிட்பர்க், பீட்டர்சன் குழுவினர், நோயாளியின் குருத்தெலும்புச் செல்களையே எடுத்து ஆய்வகத்தில் பெருக்கித் திரும்ப வைத்த முடிவுகளை 1994-இல் வெளியிட்டார்கள். முழங்காலில் தொடங்கிய அது கணுக்காலுக்கும் வந்தது. ஆழத்தில் உள்ள இடத்தை எட்டுவதற்காகச் சில சமயம் உள் கணுவின் எலும்பையே அறுத்துத் திறக்கிறார்கள். வேலை முடிந்ததும் திருகு போட்டு மூடிவிடுவார்கள். அறுத்த அந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். அதை அறுத்து எட்டிய குருத்தெலும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே ஊசியில் ஜவ்வு பழையபடி வளரும் என்று விளம்பரங்கள் வருகின்றன. பெரியவர்களின் மூட்டில் பழைய குருத்தெலும்பை அப்படியே திரும்ப வளர்த்துக் காட்டிய ஊசி இதுவரை இல்லை. வலியில் இருப்பவர்களின் ஆசையைப் பணமாக்குவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. "பழையபடி ஆகாதும்மா" என்று முகத்துக்கு நேரே சொன்ன அந்த மருத்துவர்மேல் அதனாலேயே மரியாதை கூடியது.

சரி, குருத்தெலும்பில் நரம்பே இல்லையென்றால் பிள்ளைக்கு வலித்தது எது? ஆம்ஸ்டர்டாமின் நிக் வான் டைக் 2010-இல் இதே கேள்வியை எழுப்பி ஒரு விளக்கம் தந்தார். குருத்தெலும்பு விரிசல் விட்டு, அதன் அடியிலுள்ள மெல்லிய எலும்புத் தட்டும் விரிசல் விட்டால், ஒவ்வோர் அடிக்கும் மூட்டுத் திரவம் அழுத்தத்தோடு எலும்புக்குள் பீய்ச்சப்படுகிறது. அந்த அழுத்தம் எலும்பைக் கரைத்துக் குழியாக்குகிறது. எலும்பில் நரம்பு இருக்கிறது, அது கத்துகிறது. சிதைந்தது ஒன்று, வலிப்பது இன்னொன்று. குருத்தெலும்பு தேயும்போதும் கிழியும்போதும் பேசவில்லை, பேச அதற்கு வாயில்லை. அடுத்த அடுக்குக்குப் பாதிப்பு இறங்கியபின் அங்கே இருப்பவர் எழுப்பும் குரல்தான் நமக்கு முதன்முதலாகக் கேட்கிறது. பெரிய சிதைவோடு வலியில்லாமல் நடக்கிறவர்கள் இருப்பதும், சின்னதற்கே துடிப்பவர்கள் இருப்பதும் இதனால்தான்.

அக்காவின் கேள்விக்கு நான் கண்ட பதில் இதில் அடங்கியிருக்கிறது. ஆறும் திறனும் வலிக்கும் திறனும் பெரும்பாலும் தனித்தனியாக வருவதில்லை. ரத்தம் போகும் இடத்துக்கு நரம்பும் போகிறது. எது ஆறுமோ அது பெரும்பாலும் வலிக்கவும் செய்யும். வலிக்காத ஒன்றைத் தந்துதான் இத்தனை வருடம் உடம்பு நம்மை நடக்க விட்டது. குழந்தையாய்த் தவழ்ந்து எழுந்த நாள் முதல் அவன் ஓடிய ஓட்டம், எம்பிய எம்பல், படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கியது, எதிலும் அவனுக்குக் கணுக்கால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அந்த நினைவில்லாமையைக் கொடுத்தது ரத்தம் போகாத அந்த இரண்டு மில்லிமீட்டர். இன்று ஆற விடாமல் தடுப்பதும் அதே குணம்தான். உடம்பு செய்த குறை என்று அக்கா நினைத்தது, அவன் மகிழ்ச்சியாக ஓடிய நாட்களின் மறுபக்கம். ஒன்றை வேண்டாமென்று சொல்லிவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை.

இது தெரிந்தபின் "வேற ஒண்ணு" என்ற சொல் எனக்கு வேறாகக் கேட்கிறது. பழைய குருத்தெலும்பு, அவனுக்குத் தெரியாமலே அவனுடைய சிறுவயது நெய்து வைத்துவிட்டுப் போனது. இப்போது வளரப் போவது, இருபது வயது உடம்பு தன் மஜ்ஜையிலிருந்து தானே எழுப்புவது. தரத்தில் குறைந்ததுதான். ஆனாலும் எலும்பின் திறந்த வாயை அது மூடுகிறது. திரவம் உள்ளே பீய்ச்சாமல் தடுக்கிறது. அவன் வலியில்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க அது போதும்.

கணுக்காலுக்கென்று ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல், மூட்டுக் குருத்தெலும்பில் உள்ள புரதங்களின் வயதை இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று ஒப்பிட்டார்கள். இடுப்பில் புரதங்கள் மூத்தவை, முழங்காலில் நடுவயது, கணுக்காலில் இளையவை. கையிழந்தால் கை முளைக்கும் ஆக்ஸலாட்டில் போன்ற பிராணிகளில் வேலை செய்யும் நுண் ஆர்.என்.ஏ.க்கள் சில, கணுக்காலில்தான் அதிகம் தென்பட்டன. கொலாஜன் வலை மாறுவதில்லை என்றாலும், அதைச் சுற்றியுள்ள மற்ற புரதங்களைப் புதுப்பிக்கும் முயற்சி நம் உடம்பின் கீழ்க்கோடியில் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது போலும். காயம் படாத கணுக்காலில் தேய்மானம் தானாக வருவது அபூர்வம் என்று மருத்துவர்கள் வெகுநாளாகவே சொல்லி வருகிறார்கள். கணுக்கால் தேய்மானத்தில் பெரும்பங்கு முன்பு எப்போதோ பட்ட அடியின் தொடர்ச்சி.

அறுவைசிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் காலை ஊன்றக் கூடாது. ஆனால் அசைக்காமலும் இருக்கக் கூடாது. முன்பெல்லாம் மூட்டில் அடிபட்டால் மாவுக்கட்டுப் போட்டு அசையவிடாமல் வைப்பதே வழக்கம். டொரோன்டோவின் ராபர்ட் சால்டர் 1970-களில் முயல்களின் மூட்டுகளை இயந்திரத்தால் இடைவிடாமல் மெதுவாக அசைத்துப் பார்த்து, அசையாத மூட்டைவிட அசையும் மூட்டில் குருத்தெலும்புக் காயம் நன்றாக மூடுகிறது என்று நிறுவினார். ஆகவே பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்கிறார்கள், ஒரு நாளைக்குப் பலமுறை, எடை போடாமல். பிறகு ஊன்றுகோலோடு கால்பங்கு எடை, அரைப்பங்கு எடை. ஓடுவதற்கு மாதங்கள் ஆகும், குதிப்பதற்கு இன்னும் அதிகம். அவசரப்பட்டால் உறைந்த ரத்தம் பிய்ந்துபோகும். பயந்து அசைக்காமல் கிடந்தால் மூட்டு இறுகும், இருக்கும் நல்ல குருத்தெலும்பும் பட்டினி கிடக்கும். கத்தி வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மீதியை அந்தப் பிள்ளை தன் காலால்தான் செய்ய வேண்டும்.

நம் பள்ளி மைதானங்களில் கபடியிலும் வாலிபாலிலும் கணுக்கால் மடங்கி விழும் பிள்ளைகளை, ஸ்பிரே அடித்து, அடுத்த ஆட்டத்துக்கே இறக்கிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மடங்கிய கால் ஆறு வாரம் கழித்தும் ஆழத்தில் வலித்தால், வீக்கம் மறுபடி மறுபடி வந்தால், மூட்டு பிடித்துக்கொண்டால், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதோடு விட்டுவிடாமல் எம்.ஆர்.ஐ. பார்த்துவிடுங்கள். வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்குக் காலை ஊன்றாமல் ஓய்வு கொடுத்தாலே ஆறிவிடும் வாய்ப்பு, பெரியவர்களைவிட அதிகம். அந்த வயது கடந்துவிட்டால் பலருக்கு ஊசியும் துளையும்தான் மிச்சம்.